இணையவழி நிரலாக்கக் கல்வியில் கூட்டுத் திட்டப்பணி

இணையவழி நிரலாக்கக் கல்வியில் கூட்டுத் திட்டப்பணி என்பது, இணையம் வழியாக நிரலாக்கம் கற்கும் மாணவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து ஒரு மென்பொருளைத் திட்டமிட்டு, எழுதி, சோதித்து, முடித்துத் தரும் கற்றல் முறை ஆகும். காணொளிப் பாடம், வினாவிடை, தனியாள் பயிற்சி ஆகியவற்றை மட்டும் கொண்ட பாடத்திட்டங்களில் இது பெரும்பாலும் இறுதிக் கட்டமாகச் சேர்க்கப்படுகின்றது. குழு உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் நேரில் காணாமலேயே பணியை முடிப்பது இதன் தனித்தன்மை. கல்லூரி வளாகங்களில் நடைபெறும் குழுத் திட்டப்பணியிலிருந்து இது வேறுபடுவதும் அங்கேதான்.

பின்னணி

மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தனது பாடக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாக வெளியிடும் திட்டத்தை 2001ஆம் ஆண்டில் அறிவித்தது. இந்தியாவில் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டமும் அக்காலத்தில் தோன்றியதே. இவை பாடத்தைக் கொடுத்தன. மாணவர் செய்ததைத் திருத்திக் கொடுக்கவில்லை. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை அறிவுத்திறன் பாடத்தில் ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். அதனைத் தொடர்ந்து 2012இல் கோர்செரா, எட்எக்ஸ் முதலிய தளங்கள் உருவாயின.

இலட்சம் பேரின் நிரல்களை ஆசிரியர் ஒருவர் படித்துப் பார்க்க இயலாது. எனவே, மாணவர் அனுப்பும் நிரலை இயக்கி, எதிர்பார்த்த விடை வருகின்றதா என்று பார்த்து மதிப்பெண் இடும் தன்னியக்க மதிப்பீட்டு நிரல்கள் பயன்பாட்டுக்கு வந்தன. இவற்றின் பயன் பெரிது. நள்ளிரவில் அனுப்பினாலும் நொடியில் முடிவு தெரியும். ஆனால் இத்தகைய நிரலுக்கு விடை மட்டுமே தெரியும். நிரலைப் பிறரால் படித்துப் புரிந்துகொள்ள முடிகின்றதா, ஆறு மாதம் கழித்துத் திருத்த முடியுமா என்பன அதற்குத் தெரியா.

பெருந்திரள் இணையப் பாடங்களில் சேர்ந்தவர்களுள் முடித்தவர்கள் பெரும்பாலும் 15 விழுக்காட்டிற்கும் குறைவு என்பது பல ஆய்வுகளில் கண்ட செய்தி. தனிமை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றது. மறுபுறம், தொழில்துறையில் மென்பொருளைத் தனியொருவர் எழுதுவது அரிது. இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்தே கூட்டுத் திட்டப்பணியை இணையவழிக் கல்விக்குள் கொண்டுவந்தன.

தனியாள் பயிற்சி கற்றுத்தராதது

கூட்டுப் பணியில் தோன்றும் வழுக்கள் தனிவகையானவை. அவை எவருடைய நிரலுக்குள்ளும் இரா. இருவர் நிரல்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கும்.

எடுத்துக்காட்டாகச் சுரண்டை வட்டாரத்து மாணவர் நால்வர், குற்றாலத்தில் எந்த அருவியில் இன்று குளிக்கலாம் என்று காட்டும் செயலி ஒன்றை உருவாக்குவதாகக் கொள்வோம். ஒருவர் அறிவிப்புகளைப் பதிவு செய்யும் பக்கத்தை எழுதுகின்றார். இரண்டாமவர் தரவுத்தளத்தை அமைக்கின்றார். மூன்றாமவர் கைபேசித் திரையை வடிவமைக்கின்றார். நான்காமவர் சோதிக்கின்றார். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என ஒவ்வோர் அருவிக்கும் "தடை" என்று ஒரு புலம் உண்டு. முதலாமவர், அறிவிப்பு எதுவும் வராத நாளில் அப்புலத்தை வெறுமையாக விட்டுவிடுகின்றார். மூன்றாமவரின் நிரலோ வெறுமையான புலத்தைத் "தடை இல்லை" என்று எடுத்துக்கொண்டு பச்சை நிறத்தில் "குளிக்கலாம்" என்று காட்டுகின்றது. இருவரும் தத்தம் பகுதியைத் தனியாகச் சோதித்தால் இரண்டும் தேறிவிடும்.

இதனை விளையாட்டான பிழை என்று ஒதுக்க இயலாது. 2024ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். சாரல் காலமாகிய சூன் முதல் செப்டம்பர் வரையிலும் சரி, கோடை மழையிலும் சரி, மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. "தகவல் இல்லை" என்பதும் "தடை இல்லை" என்பதும் ஒன்றல்ல. இதற்குத் தீர்வு நிரலில் இல்லை. நால்வரும் முதலில் எழுதிக்கொள்ள வேண்டிய உடன்பாட்டில் உள்ளது. புலத்திற்குத் தடை உண்டு, தடை இல்லை, தகவல் இல்லை என மூன்று மதிப்புகள் வேண்டும். கடைசியாகத் தகவல் பதிந்த நேரமும் திரையில் தெரிய வேண்டும். இவ்வாறு இரு பகுதிகளுக்கிடையே செய்துகொள்ளும் ஒப்பந்தம் இடைமுக வரையறை எனப்படும். அதன் தேவையைப் பாடநூலில் படித்து உணர்பவர் குறைவு. சேர்த்தபின் உடைந்த செயலியைப் பார்த்து உணர்பவரே மிகுதி.

தமிழ் உரையைக் கையாளும்போது இதே சிக்கல் வேறு வடிவில் வரும். "சுரண்டை" என்ற சொல்லில் எழுத்துகள் நான்கு: சு, ர, ண், டை. ஒருங்குறி முறையில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனிக் குறியீடுகளாதலால், கணினி அதே சொல்லில் ஏழு குறியீடுகளைக் காணும். யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் 21 பைட்டுகள் ஆகும். குழுவில் ஒருவர் ஊர்ப்பெயரின் நீளத்தை எழுத்துகளாலும், மற்றொருவர் குறியீடுகளாலும், மூன்றாமவர் பைட்டுகளாலும் அளந்தால் திரையில் ஊர்ப்பெயர் பாதியில் வெட்டுப்படும். மூவரும் தம் கணக்கே சரி என்பர். ஒரு வகையில் மூவரும் சரியே.

செயல்முறை

தொலைவில் உள்ளவர்கள் ஒரே மூலநிரலில் பணியாற்றப் பதிப்பு மேலாண்மை மென்பொருள் இன்றியமையாதது. இவற்றுள் இன்று பரவலாக உள்ள கிட், லினக்சு கருனியை உருவாக்கிய லினசு டோர்வால்டுசால் 2005இல் எழுதப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்ட கிட்ஹப் தளம் 2008இல் தொடங்கப்பட்டது. விக்கித் தளங்களின் "வரலாறு" பக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படைக் கருத்து எளிதில் விளங்கும்: யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது முழுவதும் பதிவாகும், எந்தப் பழைய நிலைக்கும் திரும்பலாம்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் முதன்மை நிரலிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து அதில் தம் மாற்றத்தைச் செய்வர். முடிந்ததும் அதனை முதன்மை நிரலுடன் சேர்க்குமாறு கோரிக்கை வைப்பர். வேறோர் உறுப்பினர் அதனைப் படித்துக் கருத்துரைத்த பின்னரே சேர்ப்பது நடக்கும். இருவர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால் சேர்ப்பு முரண் தோன்றும். எதை வைத்துக்கொள்வது என்று கிட் தானாக முடிவு செய்யாது, மனிதரையே கேட்கும். புதியவர்கள் பலர் இந்த இடத்தில் அஞ்சி, தம் கோப்பு முழுவதையும் நகலெடுத்துப் பிறர் எழுதியதன்மேல் ஒட்டிவிடுவது உண்டு. தொடக்கநிலைக் குழுக்களில் நிகழும் மனக்கசப்புகளுள் பாதிக்கு இதுவே காரணம் எனலாம்.

பிறர் நிரலைப் படித்துக் கருத்துரைக்கும் நிரல் மீளாய்வு இம்முறையின் உயிர்நாடி. எழுதுவதற்குப் பயிற்சி தரும் பாடங்கள் ஏராளம். படிப்பதற்குப் பயிற்சி தரும் பாடங்கள் மிகக் குறைவு. "இது தவறு" என்று எழுதுவதற்கும், "புலம் வெறுமையாக இருந்தால் இவ்வரி என்ன செய்யும்?" என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் கற்றுக்கொள்வது இங்குதான். இருவர் ஒரே திரையைப் பகிர்ந்து, ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் வழிகாட்டும் இணை நிரலாக்கமும் பயன்படுகின்றது. கென்ட் பெக் 1990களில் பரப்பிய மீயுயர் நிரலாக்கம் என்னும் முறையின் ஒரு கூறு இது.

குழு அமைத்தல்

இணையவழிப் பாடங்களில் குழு அமைப்பதே முதல் தடை. 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில் கோர்செரா தளத்தில் நடந்த நிகழ்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் வழங்கிய அப்பாடத்தில் ஏறத்தாழ 40,000 பேர் சேர்ந்திருந்தனர். அவர்கள் கூகுள் விரிதாள் ஒன்றில் தாமாகவே பெயரைப் பதிந்து குழு சேர வேண்டும் என்று ஏற்பாடு. அந்த விரிதாளை அக்காலத்தில் ஒரே நேரத்தில் 50 பேர் மட்டுமே திருத்த இயலும். கூட்டம் தாங்காமல் விரிதாள் முடங்கியது. ஒருவர் பதிந்ததை மற்றொருவர் அழித்தார். ஒரு வாரத்திற்குள் பாடமே நிறுத்தப்பட்டது. அப்பாடத்தின் பொருள், இணையவழிக் கல்வியை எவ்வாறு திட்டமிடுவது என்பதாகும்.

அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து தோன்றிய நோவோஎட் தளம் குழுப்பணியையே அடிப்படையாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது. 2014இல் தொடங்கிய ஃபிரீகோடுகேம்ப், தனது தொடக்க ஆண்டுகளில் மாணவர்களை இணைத்து இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மென்பொருள் செய்துதரும் பணியைப் பாடத்தின் இறுதிப் படியாக வைத்திருந்தது.

குழு சிறியதாக இருத்தல் நலம் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. ஃபிரெட் புரூக்சு 1975இல் வெளியிட்ட நூலில் இதற்கான கணக்கைக் காட்டினார். நால்வர் குழுவில் இருவர் இருவராகப் பேசுவதற்கான வழிகள் ஆறு. எண்மர் குழுவில் அது 28. பன்னிருவர் ஆனால் 66. ஆள் இருமடங்கானால் பேச்சு நான்கு மடங்குக்கும் மேல் பெருகுகின்றது. காலம் தாழ்ந்துவிட்ட மென்பொருள் பணியில் ஆளைக் கூட்டினால் அது மேலும் தாழும் என்ற அவரது கூற்று புரூக்சு விதி எனப்படுகின்றது. நேரில் காணாத குழுவிற்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

பங்களிப்பும் மதிப்பீடும்

ஊர் கூடித் தேர் இழுப்பது நம் வழக்கு. வடத்தில் கை வைத்தவர் அனைவரும் இழுக்கின்றனரா என்பது வேறு கேள்வி. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சு ரிங்கல்மான் இதனை அளந்தே பார்த்தார். கயிறு இழுக்கும் சோதனைகளில், தனியாக இழுக்கும்போது ஒருவர் செலுத்தும் விசையை 100 எனக் கொண்டால், எண்மர் சேர்ந்து இழுக்கையில் ஆளுக்கு ஏறத்தாழ 49 மட்டுமே வந்தது. முடிவுகள் 1913இல் வெளியாயின. ஒருங்கிணைப்புக் குறைவு இதற்கு ஒரு காரணம். தன் உழைப்பு தனியாகத் தெரியாது என்ற எண்ணம் மற்றொன்று. பிப் லாட்டானே முதலியோர் 1979இல் கைதட்டல், கூச்சலிடல் ஆகியவற்றைக் கொண்டு செய்த சோதனைகளும் இதனை உறுதி செய்தன. ஒவ்வொருவர் பங்கும் தனித்து அறியப்படும் என்று தெரிந்தால் இச்சோம்பல் பெரிதும் குறைகின்றது என்பதும் பின்னர்க் காணப்பட்டது.

கிட் பதிவேடு இதற்கு உதவும் என்பது உண்மையே. ஆயினும் பதிவுகளின் எண்ணிக்கையை மதிப்பெண்ணாக மாற்றுவது தவறான வழி. முந்நூறு வரிகளை எழுதியவரை விட, தேவையற்ற முந்நூறு வரிகளை நீக்கியவர் அதிகம் உழைத்திருக்கலாம். இரண்டு நாள் தேடி ஒரே ஓர் எழுத்தை மாற்றி வழுவை நீக்கியவரின் கணக்கில் ஒரு பதிவுதான் இருக்கும். எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று அறிவித்துவிட்டால், ஒரே மாற்றத்தைப் பத்தாகப் பிரித்துப் பதிவது உடனே தொடங்கிவிடும். ஆகவே பல நிறுவனங்கள் மூன்றைக் கலந்து மதிப்பிடுகின்றன: குழுவிற்குப் பொதுவான மதிப்பெண், உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் மறைவான படிவம், தனித்தனியாக நடத்தும் வாய்மொழித் தேர்வு. இவற்றுள் வாய்மொழித் தேர்வே செலவு மிக்கது, நம்பத்தக்கதும் அதுவே. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானது முதல் நிரலை எழுதித் தரும் கருவிகள் எவர் கைக்கும் எட்டிவிட்டன. தான் சேர்த்த வரி ஏன் அங்கே இருக்கின்றது என்று விளக்கக் கேட்பது இன்று முன்னிலும் தேவையாகிவிட்டது.

தமிழகத்தில்

சென்னை ஐ.ஐ.டி. 2020 சூன் 30 அன்று நிரலாக்கம், தரவு அறிவியல் ஆகியவற்றில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. 2022இல் அது நான்காண்டு பி.எஸ். பட்டமாக விரிவாக்கப்பட்டது. நுழைவுக்குக் கூட்டு நுழைவுத் தேர்வு (ஜே.இ.இ.) கட்டாயமில்லை, தகுதிக் கட்டத்தில் தேறினால் போதும். பாடம் இணையத்திலும் தேர்வுகள் நேரடி மையங்களிலும் நடைபெறுகின்றன. இதில் பட்டயக் கட்டத்தில் வலைச்செயலி உருவாக்கும் திட்டப்பணிகளை மாணவர் தனியாகச் செய்து வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும். அதன்பின் வரும் மென்பொருள் பொறியியல் பாடத்தில் திட்டப்பணி குழுவாகச் செய்யப்படுகின்றது. பயனரின் தேவைகளைக் கண்டறிந்து எழுதுதல், திரை வடிவமைப்பு, கால அட்டவணை, இடைமுக வரையறை, சோதனைகள் எனப் படிப்படியாக ஒப்படைக்க வேண்டும். தொடக்கப் பருவங்களில் கொடுக்கப்பட்ட பணிகளுள் ஒன்று, அப்படிப்பின் மாணவர்களே தம் ஐயங்களையும் குறைகளையும் பதிந்து தீர்வு பெறுவதற்கான மென்பொருள். பயனர் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதால் இது நல்ல தேர்வு.

முதலில் தனியாகவும் பின்னர்க் குழுவாகவும் என்ற இவ்வரிசை கவனிக்கத்தக்கது. தனியாக ஒரு செயலியை முடித்திராதவரைக் குழுவில் சேர்த்தால் அவர் பார்வையாளராகி விடுவார்.

முறைசார்ந்த பாடங்களுக்கு வெளியே கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதே பயிற்சியை நெடுங்காலமாக அளித்து வருகின்றது. 2012 சனவரியில் மின்னிதழாகத் தொடங்கிய கணியம், தமிழில் நிரலாக்க நூல்களையும் இணையவழி வகுப்புகளையும் வழங்கியுள்ளது. முத்து அண்ணாமலையும் பிறரும் உருவாக்கிய "ஓப்பன்-தமிழ்" என்னும் பைத்தான் நிரலகம், மேலே கூறிய எழுத்தெண்ணும் சிக்கல் போன்றவற்றிற்குத் தீர்வு தருவது. இத்தகைய திட்டங்களில் ஒரு சிறு வழுவைத் திருத்தி அனுப்புவது, மாணவர் பெறக்கூடிய மிகச் சிறந்த கூட்டுப் பயிற்சிகளுள் ஒன்று. மதிப்பெண் கிடையாது, ஆனால் திருத்தம் ஏற்கப்பட்டால் நிரலை உண்மையாகவே மக்கள் பயன்படுத்துவர்.

தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சு 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம், திறன் பாடங்களை அரசுக் கல்லூரிகள் வரை கொண்டுசென்றது.

சுரண்டை, தென்காசி வட்டாரம்

சுரண்டை, தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் வட்டத்தில் உள்ள வணிக ஊர். 2021இல் நகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. இங்குள்ள காமராசர் அரசு கலைக் கல்லூரியில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் மாணவர்கள் பயில்கின்றனர். தென்காசி மாவட்டமே 2019 நவம்பர் 22 அன்றுதான் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டது. மென்பொருள் வேலை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறுவது என்பதே இப்பகுதியின் நெடுநாள் வழக்கம்.

தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் அலுவலகம் அமைத்தபின் இந்நிலையில் ஓரளவு மாற்றம் ஏற்பட்டது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் சோகோ எனப் பெயர் மாறிய இந்நிறுவனம், பள்ளிப்படிப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகையுடன் பயிற்சி தரும் சோகோ கல்விக்கூடங்களைச் சென்னையில் தொடங்கிப் பின்னர்த் தென்காசியிலும் நடத்துகின்றது. வகுப்பறைக்குப் பின் மாணவர் நேராக நிறுவனத்தின் குழு ஒன்றில் சேர்ந்து கற்பது இதன் முறை. இது இணையவழிக் கல்வி அன்று. எனினும் ஒப்பிட உதவுகின்றது: அங்கே மாணவர் தடுமாறினால் அடுத்த இருக்கையில் மூத்தவர் ஒருவர் இருக்கின்றார். சுரண்டையில் வீட்டிலிருந்து இணையத்தில் படிப்பவருக்கு அந்த அடுத்த இருக்கை இல்லை. கூட்டுத் திட்டப்பணி அந்த இடத்தை நிரப்ப முயல்கின்றது. குழுவில் நால்வருமே புதியவர்களாயின் அது நிரம்புவதில்லை. ஒவ்வொரு குழுவிற்கும் அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவர் வேண்டும் என்று வலியுறுத்தப்படுவது இதனாலேயே.

சிக்கல்கள்

கணினி இல்லாமல் கைபேசியில் மட்டும் படிக்கும் மாணவர் குழுவில் ஓரங்கட்டப்படுவது கடுமையான குறை. கைபேசித் திரையில் நிரல் எழுதுவது கடினம் என்பதால் ஆவணம் எழுதுதல், படவில்லை தயாரித்தல் போன்றவை அவருக்கு ஒதுக்கப்படுகின்றன. ஆறு மாதம் கழித்து, அவரிடம் சான்றிதழ் இருக்கும். நிரல் எழுதிய பட்டறிவு இராது. நேர்காணலில் இது வெளிப்படும்போது குறை அவர்மேல் சுமத்தப்படுகின்றது. பணிப்பங்கை இரண்டு வாரத்திற்கு ஒருமுறை மாற்றுவதும், உலாவியிலேயே இயங்கும் நிரலாக்கச் சூழலைத் தருவதும், மாலையில் கல்லூரிக் கணினிக் கூடத்தைத் திறந்து வைப்பதும் நடைமுறையில் உதவக்கூடியவை. இவற்றுள் கடைசியானது தொழில்நுட்பம் சார்ந்ததன்று. ஒரு சாவி யாரிடம் இருக்கின்றது என்பதைச் சார்ந்தது.

கூட்டங்களின் நேரமும் அத்தகையது. பகலில் வேலைக்குச் செல்பவர் இரவு பத்து மணிக்குக் கூடலாம் என்பார். அந்நேரத்தில் முன்பின் அறியாத ஆண்களுடன் காணொளியில் பேசுவதற்கு இசையாத வீடுகள் உண்டு. அவ்வீட்டு மாணவி கூட்டத்திற்கு வராதவர் என்றே பதிவாவார். முடிவுகளைப் பேச்சில் எடுக்காமல் எழுத்தில் எடுக்கும் குழுக்களில் இச்சிக்கல் குறைவு. எதை யார் செய்வது, ஏன் இம்முறையைத் தேர்ந்தோம் என்பனவற்றைத் திட்டத்தின் பக்கத்திலேயே எழுதி வைத்தால் காலையில் படிப்பவரும் பங்கேற்கலாம். தொலைவில் இருந்தே இயங்கும் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவும் இவ்வாறே நடக்கின்றன.

மொழி பற்றியும் குறிப்பிட வேண்டும். நிரல் மீளாய்வுக் கருத்துகளை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று வைத்தால், பிழையைக் கண்டவரும் சொல்லத் தயங்கி விட்டுவிடுவது உண்டு. மாறிகளின் பெயர்களையும் வெளியிடும் ஆவணங்களையும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, குழுவிற்குள் நடக்கும் உரையாடலைத் தமிழில் வைத்துக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை.

உறுப்பினர் ஒருவர் பாதியில் விலகுவது இணையவழிக் குழுக்களில் விதிவிலக்கன்று, வழக்கமே. தேர்வு, திருமணம், வேலை, இணைய இணைப்பு என்று காரணங்கள் பல. எனவே எந்தப் பகுதியும் ஒருவருக்கு மட்டுமே தெரிந்ததாக இருக்கக்கூடாது என்பது பொது விதி. ஒவ்வொரு பகுதியையும் எழுதியவர் தவிர மற்றொருவரும் படித்து, தம் கணினியில் ஒருமுறையேனும் இயக்கிப் பார்த்திருக்க வேண்டும். குழு உறுப்பினர் எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே சென்றால் வேறொரு குழுவுடன் இணைப்பதா, பணியின் அளவைக் குறைப்பதா என்பதைப் பாடம் தொடங்கும்போதே அறிவித்துவிடுவது வழக்கம்.